இத்தாலித் தட்டு

உச்சி வெயிலில் கிராமபோனில் புதுத் தட்டு மினுங்கிச் சுழல்கிறது. பழைய இத்தாலி நாடகமாம். எவளோ ஒருத்தி உயிர் போகிறமாதிரி பாடுகிறாள். தன் மகளுக்கென்று வயலில் ஒரு கரும்பு ஒடித்த பண்ணையாள் நல்லானை வாசல் வேம்போடு கட்டிவைத்து, புளிய விளாரால் வீசுகிறான் பண்ணைக்காரன் பொங்கியண்ணன். “சுத்தீட்டே இரு புள்ளே. பாட்டு நின்னா இவன் கத்தறது வீதிக்குக் கேக்கும்.” பொங்கியண்ணனின் பெண்டாட்டி பாவாயி, வில் தளர்ந்த கிராமபோனின் கைப்பிடியை விடாமல் சுற்றுகிறாள். பாஷை தெரியாவிட்டாலும் பாடுகிறவள் கெஞ்சுவது புரிகிறது. உள்ளறையில் தானும் அப்படிக் கெஞ்சியிருக்கிறாள். அன்றைக்கும் ஒரு தட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கை நின்றுவிடுகிறது. பாட்டு இழுபட்டு, ஆண்குரலாய்த் தடித்து, அடங்குகிறது. அடுத்த அடிக்கு “ஐயோ சாமி” என்று நல்லான் அலறுவது வீதி முழுக்கப் போகிறது. பொங்கியண்ணன் விளாரோடு அவள் பக்கம் திரும்புகிறான். பாவாயி இரும்புக் கைப்பிடியை உருவி எடுத்துக்கொண்டு எழுகிறாள்.