மீதிச் சொற்கள்

பக்கவாதத்தில் பேச்சிழந்த கனகசபையின் மூளைக்குள் ஒரு சிப் வைத்திருந்தார்கள். அவர் சொல்ல நினைப்பதைத் தலையில் மாட்டிய தொப்பி வாங்கி அனுப்ப, கட்டிலுக்கு எதிரேயிருந்த திரை எழுத்தாகக் காட்டும். "எல்லாத்தையும் அனுப்பினா சிப் சூடாயிடும்மா. அதான் சுருக்கி, கொஞ்சமா அனுப்புது. மீதிய மெஷினே யூகிச்சு நிரப்பிக்கும். சார் பேச்சு அதுக்கு நல்லாப் பழகிடுச்சு," என்று டெக்னீஷியன் ரெஜினா பெருமையாகச் சொல்லியிருந்தாள். அவள் இல்லாமல் தொப்பியைத் தொட மனைவி பொற்கொடிக்குப் பயம். இன்று அவர் முடி கண்ணில் விழுந்து உறுத்தியது. தானே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சீப்பை எடுத்தாள்.

'மெதுவா வாரு, கொடி. வலிக்குது,' என்று திரையில் எழுத்து ஓடியது.

சீப்பு இன்னும் தலையில் படவேயில்லை. பொற்கொடி குனிந்து மடியைப் பார்த்தாள். தொப்பி அங்கேதான் கிடந்தது.

'இன்னிக்கும் பாயசம் வையேன்.'

ஆசையாகக் கேட்கிறாரே என்று நேற்று வைத்து ஊட்டியிருந்தாள்.

அவர் பக்கம் திரும்பினாள். கனகசபையும் திரையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் இருந்த மிரட்சி அவளுக்குப் புதிதல்ல. இத்தனை மாதமும் திரை அதை வலி என்றுதான் சொல்லி வந்தது.