தண்ணீர் ஊற்றிய தட்டுகள்

செய்தது சின்னப்பன்தான். அதில் ஜெயசீலிக்குத் துளியும் சந்தேகமில்லை.

தாம்பரம் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலை இதுதான்: தானமாக வந்த கண்களின் விழித்திரையிலிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டுகளில் வளர்ப்பாள். பாதித் தட்டுகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். மருந்து பட்டால் செல்லுக்குள் தூங்கும் ஒரு ஜீன் விழித்துக்கொள்ளும். விழித்ததற்கு அடையாளமாக எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடு விழும்.

இந்த முறை எல்லாத் தட்டுக்கும் கோடு. தண்ணீர் ஊற்றியதற்கும்!

இனி மருந்தால்தான் ஜீன் விழித்தது என்று யார் நம்புவார்கள்? டெல்லி மாநாடு வேறு நெருங்கிவிட்டது. ஆய்வுக்கூடமே அதிரும்படி கத்தித் தீர்த்தாள்.

தண்ணீர் இருந்த பழுப்பு பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். இளமஞ்சளாக வந்தது. மருந்தின் நிறம்.

"மருந்தெல்லாம் எதுக்கு? அந்த ஜீன் தானாவே முழிச்சுக்கும்" என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கிண்டலடித்தவன் பக்கத்து மேஜை சின்னப்பன். வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

நேரே டைரக்டர் தாமோதரனிடம் போனாள்.

"சார், தண்ணியில மருந்தைக் கலந்திருக்காங்க. யாருன்னும் தெரியும்."

தட்டு கழுவுகிற காமுவை அனுப்பிச் சின்னப்பனை வரவழைத்தார். காமு அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"நீயா கலந்தே?"

சின்னப்பன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் சார். கை தவறிடுச்சு."

"கை தவறுமா? என் வேலையைக் கெடுக்கணும்னே பண்ணியிருக்கார் சார்!"

"சாரி ஜெயசீலி."

"சாரியாவது பூரியாவது!" தாமோதரன் மேஜையைத் தட்டினார். "இந்த வருஷம் முழுக்க நீ செல் வளர்க்கிற ரூம் பக்கம் தலைகாட்டக் கூடாது."

அப்படியென்றால் அவன் பிஎச்.டி. ஒரு வருஷம் தள்ளிப்போகும். சின்னப்பனின் முகம் செத்துப்போயிற்று. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் ஜெயசீலி. அன்று அவளுக்கு நிம்மதியான தூக்கம்.

அடுத்த வாரம் புதிய செல்கள் தயார். தட்டுகளை வரிசையாக வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். காமு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா, இந்த வாட்டியும் இதுங்களுக்கு வெறும் தண்ணிதானா?"

"ஆமா காமுக்கா. ஏன்?"

"எல்லாம் கண்ணுதானம்மா? எங்க வூட்டுக்காரரையும் இப்டித்தான், மருந்து இல்ல, அப்பால வான்னு அனுப்ச்சிகினே இருந்தாங்க. கண்ணே பூடுச்சி. அதான் மனசு கேக்காம..."

ஜெயசீலியின் கை அப்படியே நின்றது.

"மனசு கேக்காம?"

"போன வாட்டி அந்தத் தண்ணியில கொஞ்சம் மருந்து வுட்டேன். அப்பால நீ கத்துனத பாத்து பயந்து, சின்னப்பன் சாராண்ட சொன்னேன். 'யாராண்டயும் சொல்லாதீங்கக்கா, வேல பூடும், நான் பாத்துக்கறேன்'னாரு" என்ற காமு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஆமா, அவரு இன்னாத்துக்கும்மா இப்ப இந்த ரூம் பக்கமே வர்றதில்ல?"