மூன்றாவது ஓலை

மாதா கோயிலில் சுபாவின் கல்யாண அறிவிப்பான ஓலையைப் பங்குச்சாமி மூன்றாவது ஞாயிறாக வாசித்தார். “வரும் இருபதாம் தேதி நடக்கவிருக்கும் இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம்” என்று வழக்கம்போல முடித்தார்.

“இருக்குதுங்க சாமி.”

பெண்கள் பக்கம் எழுந்து நின்றவள் ராஜமேரி. கல்யாணப் பெண்ணைப் பெற்றவள்.

அவள் கணவர் ஞானராஜ் ஆண்கள் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சம்பந்தி, “என்னங்க இது? பொண்ணு மனசுல வேற யாராச்சும்...” என்று இழுத்தார்.

“அதெல்லாம் இல்லீங்க,” என்றாள் ராஜமேரி. “டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வை, எல்லாருக்கும் ஒரே நேரத்துல வெச்சாத்தான் நியாயம்னு தள்ளி வெச்சாங்கல்ல? நேத்து புதுத் தேதி சொல்லிட்டாங்க. அதே இருபதுங்க.”

ஞானராஜுக்கு மூச்சு திரும்பியது. வீடு முழுக்க அந்தப் பரீட்சைப் புத்தகங்கள்தானே இறைந்து கிடக்கின்றன.

“இவ்ளோதானா? சுபா அடுத்த வருசம் எழுதிக்கட்டும். உக்காரு.”

“சுபா எழுதலீங்க. அதுக்கு வயசு வரம்பு கிடையாதுன்னு அவதான் எனக்குப் பணம் கட்டி விட்டா. கல்யாணத்தை ஒரு நாள் தள்ளிக்கலாம்னும் அவளே சொல்லிட்டா.”

ஞானராஜ் மகளைப் பார்த்தார். சுபா தலையசைத்தாள்.

“நீயா எழுதுற? இந்த வயசுலயா?”

“நம்ம கல்யாணத்தன்னிக்கும் எனக்கு இதே மாதிரி பரீட்சை இருந்துச்சுங்க. அடுத்த வருசம் எழுதிக்கோன்னு எங்கப்பா சொன்னாரு. அந்த அடுத்த வருசம் இப்பத்தாங்க வந்திருக்குது.”