பத்து டேக்

“எனக்கு ஊருக்குப் போகணும்போல இருக்கு” என்ற ஒரே ஒரு வரியை, பத்தாவது முறையும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுப்பதுபோலச் சொல்லி முடித்தார் அப்பா.

மகள் கேமராவை நிறுத்தினாள்.

மாலை ஐந்து மணிக்குள் குறும்படத்தைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். ஊரை விட்டு வந்தவர்களைப் பற்றிய படம். பேக்கரிக்காரர் முதல் கேள்விக்கே உடைந்துபோனார். நர்ஸ் அக்கா பேச்சு வராமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவும் அழகாகவே பதிவாகியிருந்தது.

பாக்கி அப்பா மட்டும்தான். முப்பத்திரண்டு வருடமாக இந்த நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு இடையில் லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே நின்றபடியே பேசிப் பேசி அமைதிப்படுத்துகிற மனுஷன், பெற்ற மகளின் படத்தில் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் மனசுல இருந்து சொல்லுங்கப்பா. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடப் போகலை. ஏக்கமே இல்லையா உங்களுக்கு?”

அவள் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டார். கேமரா உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார்.

“ஒரு தடவை போனேன்” என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்பு, கம்பெனியில் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன அந்த நான்கு நாள்.

ஊரிலிருந்த தம்பியோடு, அவளுடைய சித்தப்பாவோடு, அப்பாவுக்குப் பேச்சுவார்த்தை விட்டுப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. போன் நம்பர்கள் மாறின, அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் தம்பி திக்குமுக்காடிப் போவான் என்று நினைத்திருக்கிறார்.

கதவைத் திறந்தது சித்தப்பாதான். மூக்கில் கண்ணாடி, கையில் மடித்த பேப்பர்.

“யாருங்க வேணும்?”

அப்பா சிரித்தபடியே நின்றாராம். எதிரில் இருந்த முகம் மாறவேயில்லை.

வாய்க்கு வந்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, அவர் வீடு எது என்று கேட்டுவிட்டார். சித்தப்பா செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி, கடைசி வரை போய் இடது பக்கம் திரும்பி விசாரியுங்கள் என்று கை காட்டினார்.

அப்பா இடது பக்கமே திரும்பினார். சித்தப்பா பார்த்துக்கொண்டே நின்றிருந்தார்.

மகளின் கை அதற்குள் கேமராவுக்குப் போய்விட்டிருந்தது.

“அப்பா, இதை அப்படியே இன்னொரு தடவை சொல்றீங்களா?” என்றாள். கேட்ட பிறகுதான் கூசியது.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை.

“வேண்டாம்மா. என்னைக்காவது இந்தப் படம் அவன் கண்ணுல பட்டுடும். அன்னைக்கு வந்தது நான்தான்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்.”