டாக்கெட் வீட்டுச் சாபம்

“எங்கப்பா, எங்கண்ணன் ரெண்டு பேரும் இங்க பாம்பு கடிச்சுத்தான் செத்தாங்க. இன்னிக்கு என் முறை, லர்லீன்,” என்றான் டூயி டாக்கெட்.

“தைரியமா எடு. ஒண்ணும் ஆகாது,” என்றாள் அவன் மனைவி.

அலபாமா மலைக்காட்டுச் சபை அது. விசுவாசம் உள்ளவர்கள் வெறுங்கையால் வால் கிலுகிலுக்கும் விரியனைத் தூக்கிக் காட்ட வேண்டும். பாஸ்டர் புரூயிட்டுக்கு ஒரு பெட்டி, மற்றவர்களுக்கு ஒரு பெட்டி. பாஸ்டரை இதுவரை எந்தப் பாம்பும் தீண்டியதில்லை.

“உங்க ரத்தத்துலயே சாபம் இருக்கு, தம்பி. ஆத்தோர நிலத்தைச் சபைக்கு எழுதிக் குடுத்தா விலகிடும்னு சொன்னேன். உங்கப்பனும் கேக்கல, அண்ணனும் கேக்கல,” என்றார் பாஸ்டர்.

டூயி கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டான். விரியன் ஈரக் கயிறுபோல் அவன் கையில் தொங்கியது.

“அல்லேலூயா!” என்று சபையே அலறியது.

பாஸ்டர் முகம் சுருங்க, தன் பெட்டியை நோக்கி நடந்தார்.

“ஒரு நிமிஷம், பாஸ்டர்.” லர்லீன் எழுந்தாள். “காலையில கூட்டிப் பெருக்க வந்தேன். உங்க பெட்டி மட்டும் பின்னறையில ஐஸ்கட்டிக்கு நடுவுல இருந்துச்சு. பாம்பெல்லாம் குளிர்ல மரத்துப்போய்க் கிடந்துச்சு, பாவம். அப்புறம் நீங்க வாசல்ல நின்னு எல்லாருக்கும் கைகுடுத்தப்போ, ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வெச்சுட்டேன்.”

பாஸ்டர் மூடிமேல் வைத்த கை அப்படியே நின்றது. உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

“ஏன் நின்னுட்டீங்க? எங்க வீட்டு ரத்தத்துலதானே சாபம்? உங்களுக்கென்ன, கையை விடுங்க!”