உள்வீட்டுத் தகவல்

"இப்ப உள்ள சிரிச்சது யாரு?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விசாரணை அதிகாரி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"டி.வி. சார்" என்று கதவை அகலத் திறந்தாள் அண்ணி. "வீடு நிசப்தமா இருந்தா எங்க சின்னவளுக்கு ஆகாது. அதான் ஓடவிட்டிருக்கேன்."

அதிகாரி எட்டிப் பார்த்தார். டி.வி.யில் நிஜமாகவே நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. நோய்க்கால உதவித்தொகைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். கட்டுப் போட்ட காலோடு நொண்டி நொண்டி அலுவலகத்துக்கு வந்துவிட்டு, திரும்பும்போது ஓடிப்போய் பஸ் பிடித்தவர்களையெல்லாம் பார்த்தாயிற்று. காலுக்காவது எக்ஸ்ரே உண்டு. மனசுக்கு எதை எடுத்துப் பார்ப்பது?

போதாததற்கு, அவர் பையில் மூன்று மொட்டைக் கடிதங்கள் இருந்தன.

மனுதாரரான சின்னவள், அண்ணியின் நாத்தனார், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். ஆயத்த ஆடை கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் இருந்தவள். ஒருநாள் கத்தரியைக் கையில் பிடித்தபடி மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றாளாம். அன்றோடு வேலை போயிற்று. டாக்டர் சர்டிபிகேட்டில் 'கடுமையான மனச்சோர்வு' என்றிருந்தது.

"ராத்திரி தூக்கம் வருதாம்மா?"

"நல்லா தூங்குறேன் சார்."

"சாப்பாடு?"

"அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"வெளியில போக முடியுதா?"

"போனா போகலாம். போறதில்ல, அவ்வளவுதான்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்கிறவர்களை அவர் பார்த்ததில்லை.

"அவ அப்படித்தான் சார் சொல்லுவா!" அண்ணி குறுக்கே பாய்ந்தாள். "யார் கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' தான். காலைல வெச்ச தட்டு, பாருங்க, அப்படியே இருக்கு."

"நான் அவங்களைத்தான் கேட்டேன். நீங்க கொஞ்சம் இப்படி வாங்க."

சமையலறைப் பக்கம் வந்ததும் அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அப்ளிகேஷன் எழுதினது நீங்கதானே?"

"ஆமா சார். எனக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்னு அவ பேனாவையே தொடமாட்டேன்னுட்டா. கையெழுத்து வாங்கவே ரெண்டு நாள் கெஞ்சினேன்."

"உங்களுக்கு என்னம்மா இதுல அவ்வளவு அக்கறை?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. "இந்த உதவி கிடைச்சா நான் அவகூட வீட்ல இருப்பேன். கிடைக்கலன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேலைக்குப் போயாகணும். அவ அண்ணன் ஒருத்தர் லாரி ஓட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்? அவளைத் தனியா விடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் சார். தனியா விட்டா..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி அசரவில்லை. கண்ணீர் அவருக்குப் பழகிப்போன சமாசாரம். கடிதங்களில் ஒன்றை எடுத்து, கையெழுத்து தெரியாதபடி தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"'போன ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டுச் சிரித்தாள். நோயாளி சிரிப்பாளா? டாக்டரிடம் போகும்போது மட்டும் வேண்டுமென்றே தலை சீவாமல் போவாள். உடம்பு வளையாத சோம்பேறி. அண்ணன் வீட்டில் உட்கார்ந்து தின்கிறாள்.' இதுக்கு என்ன சொல்றீங்க?"

"எந்தப் பாவி சார் எழுதினது? எழுதின கை விளங்காமப் போக!"

"அதை விடுங்க. சிரிச்சாங்களா, இல்லையா?"

"சிரிச்சா. எட்டு மாசத்துல முதல் தடவை. நான் மாவு டப்பாவோட வழுக்கி விழுந்தேன். என் மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சா. எனக்குச் சந்தோஷம் தாங்கல, தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதேன்."

"அப்ப வீட்ல வேற யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. நாங்க ரெண்டு பேர்தான்."

"ரெண்டே பேர்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அண்ணிக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும், "ஐயோ, நானா?" என்று சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

அதிகாரிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எட்டு மாதம் ஒரு நோயாளியைக் கட்டிக்கொண்டு அழுவது லேசா? அலுத்துப்போயிருக்கும். முன்னால் மனு எழுதிக்கொடுத்து நல்ல பெயர், பின்னால் கையெழுத்தை மாற்றி மொட்டைக் கடிதம். மனு தள்ளுபடியானால், அதையே சாக்காக வைத்து நாத்தனாரை ஏதாவது விடுதியில் கொண்டுபோய்த் தள்ளிவிடலாம். கில்லாடி! அவருக்கு முதல்முறையாகச் சின்னவள்மேல் இரக்கம் வந்தது. தன் வீட்டுக்குள்ளேயே எதிரியை வைத்துக்கொண்டு இந்தப் பெண் எப்படித் தேறுவாள்?

கிளம்பும்போது ஜன்னலோரம் போய், அண்ணி காதில் விழாமல் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. உங்களைப் பத்தி வந்த லெட்டரை நான் நம்பல. மனுவைச் சிபாரிசு பண்றேன். ஆனா ஒண்ணு, உங்க அண்ணிகிட்ட ஜாக்கிரதையா இருங்க."

சின்னவள் பதறி எழுந்தாள். அவ்வளவு நேரத்தில் அந்த முகத்தில் உயிர் வந்ததே அப்போதுதான்.

"அண்ணி தங்கம் சார், அவங்கமேல பழி போடாதீங்க" என்று கைகூப்பினாள். "எனக்கு நோயெல்லாம் ஒண்ணும் இல்ல, வெறும் சோம்பேறித்தனம். மூணு லெட்டர் போட்டும் நம்ப மாட்டேங்கிறீங்களே... அந்தப் பணத்தை நிஜமாவே முடியாதவங்க யாருக்காவது குடுத்துடுங்க சார்."