பன்னிரண்டு முயல்களின் வலது கண்

மனித குலத்தின் பார்வையையே மாற்றி அமைக்கப்போகும் அந்த அறிவிப்பு, வல்லம் வடகால் சிப்காட்டில், காலை பதினொன்றே காலுக்கு, போண்டா பரிமாறுவதற்குச் சற்று முன்னதாக வெளியிடப்பட்டது.

வெளியிட்டவர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டாக்டர் ராஜாமணி. எதிரே மருந்துக் கம்பெனிக்காரர்கள் நாலு பேர்.

வைரஸ் புகுந்து பார்வை போகிறவர்களுக்கு, கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுகிற மருந்து. சோதனைக்குப் பன்னிரண்டு முயல்கள். வலது கண்ணில் மருந்து, இடது கண்ணில் வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு வாரம் கழித்தும் வலது கண் பன்னிரண்டும் பளிங்கு.

"பக்கவிளைவு பூஜ்யம்!" என்றார் ராஜாமணி. சந்தேகம் வரக் கூடாதென்று விரலால் காற்றில் ஒரு பூஜ்யமும் போட்டுக் காட்டினார்.

இடது கண்களில்தான் ஒன்பது வீங்கிக் கலங்கிப் போயிருந்தன. உப்புத் தண்ணீருக்கு எதற்குங்க வீங்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத உத்தேசம் என்றார் ராஜாமணி.

இனி ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. இரண்டு வாரமும் கண்களைப் பரிசோதித்துக் குறித்துவந்த கால்நடை மருத்துவர் சசிரேகா போட வேண்டியது. மாடானாலும் முயலானாலும் அதனதன் வலதுதான் வலது என்று படித்து வந்தவர். மேசையோரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த ஊசி மனுஷக் கண்ணில்.

சுவரோரமாக, ஏழாம் நம்பர் முயலைத் துண்டில் சுற்றி ஏந்திக்கொண்டு, முயல் அறையில் வேலை பார்க்கும் இசக்கிசெல்வி நின்றாள். காட்சிக்கு வைத்தது முயலை. அவள் அதற்கு ஸ்டாண்டு.

ஊசி போட்ட அன்றைக்குப் பன்னிரண்டையும் பிடித்துக்கொடுத்தவள் அவள்தான். எந்தக் கண்ணில் எதைப் போட வேண்டும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் காதில் விழுகிறது. ஆனால் நீல லேபிள் ஒட்டியிருந்த மருந்து எந்தக் கண்ணில் போனது என்பது அவளுக்குத் தெரியும்.

ஏழாம் நம்பரின் வீங்கி மூடிய கண்ணைக் குனிந்து பார்த்தாள். இதில்தான்.

விளாத்திகுளத்திலிருந்து வந்த புதிதில் ஒரகடத்தில் காருக்கு ஹெட்லைட் மாட்டுகிற லைனில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். முதல் நாளே மாற்றி மாட்டி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கற்ற பாடம் அது. வலது, இடது எல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வண்டிக்கு எதிரே நிற்கிறவனுக்கு எல்லாம் மாறித்தான் தெரியும்.

அன்றைக்கு முயலை மடியில் வைத்துப் பின்னாலிருந்து பிடித்திருந்தவள், டிரைவர் சீட்டு. ஊசியோடு எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் ராஜாமணி, பம்பர் பக்கம்.

அவள் உதடு அசைவதைப் பக்கத்தில் நின்ற கன்னியப்பன் பார்த்துவிட்டார். பென்னலூர்க்காரர், முயல் அறையின் சூப்பர்வைசர்.

"கம்முனு நில்லும்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் காண்ட்ராக்ட் பேப்பரு அவரு டேபிள் மேலதான் கீது. இன்னும் கையெழுத்தாவல."

முயல் மூடிய கண்ணைத் துண்டில் தேய்த்துக்கொண்டது.

"சார்," என்றாள் இசக்கிசெல்வி. "நீல லேபிள் மருந்த இந்தக் கண்ணுலல்லா போட்டிய. இது மொயலுக்கு எடதுல்லா."

கம்பெனிக்காரர்களில் இரண்டு பேர் சோறு தின்னும் கை எது என்று மேசைக்கு அடியில் சரிபார்த்துக்கொண்டார்கள்.

ராஜாமணி கோபப்படவில்லை. சிரித்தார். இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் ஆதாரம் வைத்துக்கொள்வது என்று சொல்லி, திரையில் ஒரு படத்தைப் போட்டார். முதல் ஊசியை அவரே தம் கையால் போடுகிற படம். திரையில் போட்ட பிறகு அவரும் பார்த்தார்.

ஊசி முயலின் இடது கண்ணில் இருந்தது.

"அது... செல்லுல எடுத்த படம்மா," என்றார் ராஜாமணி. "கண்ணாடி மாதிரி எல்லாத்தையும் திருப்பித்தான் காட்டும்."

நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கன்னியப்பனுக்கு மூச்சு வந்தது. சசிரேகா எழுந்து திரைக்குக் கிட்டப்போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

படத்தில், ஊசி போடுகிறவருடைய வெள்ளைக் கோட்டின் மார்பில் தங்க நூலால் தைத்திருந்த 'டாக்டர் ராஜாமணி', நேராகத்தான் இருந்தது.